ஆதி மனிதர்கள் சமமாக வாழ்ந்தார்களா? விவசாயம் வந்துதான் எல்லாம் கெட்டதா?

கேள்வி இது: "மனிதன் இயல்பிலேயே சண்டைக்காரனா? ஆதியில் எல்லாரும் சமமாக வாழ்ந்தார்கள், விவசாயம் வந்த பிறகுதான் உயர்வு தாழ்வும் போரும் வந்தன என்கிறார்களே, அது உண்மையா? தலைவன் இல்லாமல் பெரிய கூட்டம் சேர்ந்து வாழ முடியுமா?"

மூன்றுக்கும் சேர்த்து என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்தவரை அடக்கி ஆளும் ஆசை மனிதரிடம் எப்போதும் இருந்தது. தன்னை ஒருவன் அடக்கினால் பொறுக்காத குணமும் அதே அளவுக்கு எப்போதும் இருந்தது. ஆதிச் சமூகங்களில் சமத்துவம் இருந்த இடங்களில், யாரும் தலைக்கு மேல் ஏறிவிடக் கூடாது என்று மக்கள் அன்றாடம் பாடுபட்டு அதைக் காத்தார்கள். விவசாயம் அந்தப் பாட்டைக் கடினமாக்கியது உண்மை. ஆனாலும் அதை உடைக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமானது அந்த இடைப்பட்ட காலம்தான்.

முதலில் சண்டையைப் பார்ப்போம். விவசாயத்துக்கு முன்பு போரே இல்லை என்ற கருத்து நிற்காது. சூடானில் நைல் கரையில் ஜெபல் சஹாபா என்றொரு இடுகாடு இருக்கிறது. அஸ்வான் அணையின் நீர் ஏறுவதற்கு முன், 1960களில் அவசரமாகத் தோண்டிய இடங்களில் ஒன்று. 13,000 ஆண்டுகளுக்கும் பழையது; அங்கே புதைக்கப்பட்டவர்கள் வேட்டையாடி, மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். 61 பேரின் எலும்புகளை மறுபடி ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவில், 41 பேருக்குக் காயத் தடயம் இருந்தது. பலருக்குப் பழைய காயம் ஆறியிருந்தது, மேலே புதுக் காயமும் இருந்தது. ஆக, இது ஒரே நாள் போரில் செத்தவர்களின் கூட்டம் இல்லை. வாழ்நாளில் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டவர்கள், குழந்தைகள் உட்பட. கென்யாவில் துர்கானா ஏரிக்குப் பக்கத்தில் நட்டாருக் என்ற இடத்தில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த 27 பேரின் எச்சங்கள் கிடைத்தன. ஓரளவு முழுமையாகக் கிடைத்த 12 எலும்புக்கூடுகளில் 10இல் வன்முறைச் சாவுக்கான அடையாளம். அவர்களும் வேட்டைச் சமூகம்தான்.

சரி, அப்படியானால் மனிதன் பிறவிக் கொலைகாரனா? அதற்கும் இது போதாது. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள், மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டுகள் பழையவை. அந்த நீண்ட காலத்தின் கடைசித் துண்டுதான் மேலே சொன்ன இரண்டும். அதற்கு முந்திய காலத்தில் கூட்டுக் கொலைக்குத் தெளிவான தடயம் மிகக் குறைவு. எலும்புகளும் குறைவு என்பதால் அதை வைத்து அமைதியையும் நிரூபிக்க முடியாது. குரங்கினத்தைக் காட்டி வாதாடுபவர்களுக்கும் இதே சிக்கல். தான்சானியாவின் கோம்பேயில் 1974 முதல் 1978 வரை ஒரு சிம்பன்சிக் கூட்டம் பக்கத்துக் கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாகக் கொன்று தீர்த்ததை ஜேன் குடால் குழுவினர் பதிவு செய்தார்கள். ஆனால் நமக்கு அதே அளவு நெருங்கிய உறவான போனோபோ என்ற இன்னொரு குரங்கினத்திடம் அப்படிப்பட்ட எல்லைப் போர் கிடையாது. இரண்டு உறவினரும் இரண்டு விதமாக இருக்கும்போது, நம் குணம் எது என்று அவர்களைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

இப்போது சமத்துவத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான புரிதல் அதிகம் இருப்பது இதில்தான்.

நமீபியா, போட்ஸ்வானா எல்லையில், கலஹாரியில் வாழும் ஜுஹோவான்சி மக்களிடம் 1963இல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர் ரிச்சர்ட் லீ. ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் எல்லாருக்கும் விருந்து வைக்க நினைத்து, அந்த வட்டாரத்திலேயே பெரிய, கொழுத்த காளையை வாங்கினார். கேள்விப்பட்ட ஒவ்வொருவரும் வந்து, "இந்த எலும்புக் கூட்டையா வாங்கினாய்? பசியோடுதான் தூங்கப் போகிறோம்" என்று குறை சொன்னார்கள். அவர் மனமுடைந்து போனார். வெட்டிப் பார்த்தால் கொழுப்பு மட்டுமே விரல் கணக்கில் இருந்தது. அப்புறம்தான் ஒரு பெரியவர் விளக்கினார்: ஓர் இளைஞன் நிறையக் கறி கொண்டு வந்தால் தன்னைத் தலைவன் என்றும் மற்றவர்களைத் தன் வேலைக்காரர்கள் என்றும் நினைக்கத் தொடங்குவான். ஒருநாள் அந்தக் கர்வம் யாரையாவது கொல்ல வைக்கும். அதனால் அவன் கொண்டு வந்த கறியை ஒன்றுக்கும் உதவாதது என்றே சொல்வோம். அப்படி அவன் நெஞ்சைக் குளிரவைத்துச் சாந்தமாக்குகிறோம்.

இந்த வழக்கத்தோடு இன்னும் பல சேர்ந்துதான் வேலை செய்தன. வேட்டை விலங்கின் மேல் முதலில் தைத்த அம்பு யாருடையதோ, கறியைப் பங்கிடும் பொறுப்பு அவருடையது. வேட்டைக்காரர்களோ ஒருவருக்கொருவர் அம்புகளைக் கொடுத்து வாங்கியே வைத்திருப்பார்கள். அதனால் காட்டுக்கே போகாத ஒரு கிழவரோ பெண்ணோகூடக் கறிக்கு உரியவராக இருக்கலாம். நன்றாக வேட்டையாடுபவன் தொடர்ந்து சில முறை வெற்றி பெற்றால், வில்லை மாட்டிவிட்டுக் கொஞ்ச காலம் மற்றவர் கொண்டு வருவதைச் சாப்பிடுவான். இதோடு 'ஹக்ஸாரோ' என்ற பரிசுப் பரிமாற்றமும் இருந்தது. தீக்கோழி முட்டையோட்டு மணிகள், அம்புகள் போன்ற சிறு பொருள்களைத் தூரத்தில் இருக்கும் உறவுகளுக்குக் கொடுப்பார்கள். பதிலுக்கு வருவது மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூடத் தாமதமாகலாம். பாலி வீஸ்னர் இதை ஆராய்ந்து காட்டினார்: தன் இடத்தில் மழை பொய்த்தால், அந்தக் கூட்டாளியின் இடத்துக்குப் போய்த் தங்கிச் சாப்பிடும் உரிமை இதனால் கிடைக்கிறது. சேமிப்பு என்பது அங்கே தானியக் குதிரில் இல்லை, மனிதர்களிடம் இருந்தது. அதே வீஸ்னர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பகலில் அவர்கள் பேசியவற்றில் மூன்றில் ஒரு பங்கு குறைகூறலும் முறையீடும் சச்சரவும் என்றும், இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து பேசியவற்றில் நூற்றுக்கு 81 கதைகள் என்றும் கணக்கிட்டிருக்கிறார். பகலின் அந்தப் புறணிக்கும் ஒரு வேலை இருந்தது. யார் பங்கைப் பதுக்குகிறான், யார் அதட்டுகிறான் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

கிறிஸ்டோபர் போம் என்ற மானிடவியலாளர் 1990களில் இப்படிப்பட்ட சமூகங்களை நிறைய ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். இங்கே அதிகாரம் இல்லாமல் போகவில்லை; அது தலைகீழாக இருக்கிறது. பலர் சேர்ந்து, மேலே ஏறப் பார்க்கும் ஒருவனை அடக்குகிறார்கள். முதலில் கேலி, பிறகு கண்டிப்பு, பிறகு ஒதுக்கிவைத்தல், கடைசியில் கொலைகூட. லீ தன் ஆய்வில் 1920க்கும் 1955க்கும் இடையில் நடந்த 22 கொலைகளைக் கேட்டறிந்து பதிவு செய்தார். அவற்றில் ஒன்றில், பலரைக் கொன்ற ஒருவனை ஊரே கூடி நச்சு அம்புகளால் வீழ்த்தியது. சமத்துவம் என்றால் சாந்தமான சொர்க்கம் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

வேறு வழியும் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தேனி, மதுரை, விருதுநகர் பக்கத்துக் காடுகளில் வாழும் பளியர்களிடம் 1960களில் ஆய்வு செய்த பீட்டர் கார்ட்னர், அவர்கள் ஒருவரை ஒருவர் அதிகாரம் செய்வதையே அவமதிப்பாகக் கருதியதை விவரித்திருக்கிறார். போட்டி போடுவதில்லை, பிள்ளைகளை அதட்டி வளர்ப்பதில்லை. கோபம் முற்றினால் எதிர்த்து நிற்பதற்குப் பதில், ஒருவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார். கிழங்கும் தேனும் எங்கும் கிடைக்கும்போது விலகிப் போவது எளிது. இந்த 'விலகிப் போகும் வசதி' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பளியரோ ஜுஹோவான்சியரோ கற்காலத்தின் எச்சம் இல்லை. பல நூற்றாண்டுகளாகச் சமவெளி மக்களோடும் மாடு மேய்ப்பவர்களோடும் கொடுக்கல் வாங்கல் வைத்து வாழ்ந்த, நம் காலத்து மனிதர்கள். அவர்களைப் பார்த்து "ஆதியில் எல்லாரும் இப்படித்தான்" என்று எழுதுவது அவர்களுக்கும் நியாயம் இல்லை, வரலாற்றுக்கும் நியாயம் இல்லை. மனிதர்களால் இப்படியும் வாழ முடியும் என்பதற்கு அவர்கள் சான்று. அதுவே பெரிய விஷயம்.

வேட்டைச் சமூகங்கள் எல்லாமே சமமானவையும் இல்லை. ரஷ்யாவில் விளாதிமிர் நகருக்கு அருகே சுங்கிர் என்ற இடத்தில் சுமார் 34,000 ஆண்டுகளுக்கு முன் இரண்டு சிறுவர்களைத் தலையோடு தலை சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். மாமூத் என்ற, அழிந்துபோன யானை இனத்தின் தந்தத்தில் செய்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மணிகள், தந்தத்தையே நிமிர்த்திச் செய்த நீண்ட ஈட்டிகள். ஒவ்வொரு மணியையும் கையால் செதுக்க வேண்டும். அத்தனை உழைப்பைச் சம்பாதிக்கும் வயது அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. அப்படியென்றால் பிறப்பாலேயே ஏதோ சிறப்பு அவர்களுக்கு இருந்திருக்கலாம். வட அமெரிக்காவின் வடமேற்குக் கடற்கரை மக்களோ பயிர் செய்யாமலே, ஆற்றில் ஏறி வரும் சால்மன் மீனைப் பிடித்து உலர்த்திச் சேமித்தே பரம்பரைப் பிரபுக்களையும் அடிமைகளையும் கொண்ட சமூகமாக வாழ்ந்தார்கள். எனவே "விவசாயம்தான் காரணம்" என்பது சரியான விடை இல்லை. ஓரிடத்தில் குவியும் வளம், அதைச் சேமிக்கும் வழி, அதை ஒருவர் காவல் காத்துத் தனதாக்கும் வாய்ப்பு, இவை சேரும் இடத்தில்தான் ஆபத்து.

இயல்பு வேறு, பண்பாடு வேறு என்று பிரித்துப் பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் 2005இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒளி ஊடுருவும் பெட்டிக்குள் தீனி வைத்து, அதை எடுக்கத் தேவையான அசைவுகளோடு தேவையில்லாத அசைவுகளையும் செய்து காட்டினார்கள். சிம்பன்சிகள் தேவையில்லாததை விட்டுவிட்டு நேரே தீனியை எடுத்தன. மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் அத்தனையையும் அப்படியே செய்தார்கள். காரணம் புரியாவிட்டாலும் பெரியவர் செய்வதைச் செய்வது நம் பிறவிக் குணம். சடங்கு, கைத்தொழில், சாதி வழக்கம், பக்குவமான சமையல் எல்லாம் இந்தக் குணத்தின் மேல்தான் நிற்கின்றன. நல்லதும் கெட்டதும் ஒரே வாசலால் உள்ளே வருகின்றன.

பண்பாடு உடம்பையே மாற்றிய கதையும் இருக்கிறது. துருக்கியின் வடமேற்கில் கி.மு. 7ஆம் ஆயிரத்தாண்டுப் பானைகளில் பால் கொழுப்பு ஒட்டியிருக்கிறது. ஆனால் வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்க வைக்கும் மரபணு மாற்றம் ஐரோப்பாவில் பரவலானது அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்துத்தான். அதுவரை எப்படிச் சமாளித்தார்கள்? தயிராகவும் பாலாடைக்கட்டியாகவும் மாற்றும்போது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைந்துவிடும். பச்சைப் பால் ஒத்துக்கொள்ளாத, மோர் மட்டும் ஒத்துக்கொள்கிற வயிறு நம் வீடுகளிலேயே உண்டு. முதலில் கைப்பக்குவம், பிறகுதான் மரபணு.

சரி, மக்கள் ஓரிடத்தில் தங்கியபோது என்ன ஆனது? துருக்கியின் தென்கிழக்கில் ஷான்லிஉர்ஃபாவுக்கு அருகே உள்ள கோபெக்லி தெபேயில் கி.மு. 9500 அளவிலேயே ஐந்து மீட்டருக்கும் உயரமான, T வடிவக் கல்தூண்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். கிளாஸ் ஷ்மிட் 1995இல் அங்கே தோண்டத் தொடங்கினார். வீட்டு விலங்கின் எலும்பு இல்லை. மான் எலும்பும், காட்டுத் தானியம் அரைத்த கற்களும் ஏராளம். விவசாயம் வந்து, உபரி வந்து, அப்புறம்தான் பெரிய கட்டடம் என்று பாடப் புத்தகங்கள் போட்ட வரிசையை இந்த ஒரே மேடு மாற்றியது. கூடிக் கொண்டாடும் ஆசை பயிர்த்தொழிலுக்கு மூத்தது.

ஆனால் எனக்கு அதைவிட அதிகம் சொல்லித் தருவது சாத்தல் ஹுயுக். துருக்கியின் கோன்யா சமவெளியில் சுமார் கி.மு. 7100 முதல் 5950 வரை, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மக்கள் வாழ்ந்த ஊர். 13 ஹெக்டேர் பரப்பு. 1960களில் ஜேம்ஸ் மெல்லார்ட் தோண்டினார். 1993 முதல் 25 ஆண்டுகள் இயன் ஹாடரின் குழு பொறுமையாக ஆராய்ந்தது. தெருவே இல்லாத ஊர் அது. மண்கல் வீடுகள் தேனடை அறைகள் மாதிரி ஒட்டி ஒட்டி நிற்கும். நடமாட்டம் கூரை மேல். கூரையில் உள்ள துளை வழியாக ஏணியில் இறங்கி வீட்டுக்குள் போவார்கள். அடுப்புப் புகை வெளியேறுவதும் அதே துளைதான், அந்தக் கரி எலும்புக்கூடுகளின் விலாவுக்குள் படிந்திருக்கிறது, ஆண் பெண் இருவருக்கும். இறந்தவர்களை வீட்டுத் திண்ணைக்கு அடியிலேயே புதைத்தார்கள். சுவருக்குத் திரும்பத் திரும்ப வெள்ளை பூசினார்கள். ஒரு சுவரில் 450 பூச்சு வரை எண்ணியிருக்கிறார்கள்.

இத்தனை ஆண்டு தோண்டியும் அரண்மனை இல்லை, பொதுக் களஞ்சியம் இல்லை, தலைவன் வீடு என்று சொல்லக்கூடியது எதுவும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அதனதன் அடுப்பு, அதனதன் குதிர். சில வீடுகளில் காளைக் கொம்புகள் பதித்த சுவரும், மற்ற வீடுகளைவிட மிக அதிகமான பிணக்குழிகளும் இருந்தன. ஒரு வீட்டில் மட்டும் 62 பேர். அவை பெருமையுள்ள வீடுகள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெருமை தானியமாக மாறவில்லை, அவற்றின் குதிர் மற்றவற்றைவிடப் பெரிதாக இல்லை. எலும்பில் பதிந்த உணவுத் தடயத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே சாப்பாடு. 2025இல் வெளியான தொல்மரபணு ஆய்வு, ஒரே வீட்டில் புதைக்கப்பட்டவர்களுக்கிடையே தாய்வழித் தொடர்புதான் வலுவாக இருந்தது என்று காட்டியது. பெண்கள் பிறந்த வீட்டோடு ஒட்டி இருந்திருக்கிறார்கள். பெண் குழந்தைகளின் குழிகளில் பொருள்கள் அதிகம் வைத்திருக்கிறார்கள்.

விலையும் கொடுத்தார்கள். கிளார்க் லார்சன் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்த 93 மண்டையோடுகளில் 25இல் ஆறிய முறிவு. காயத்தின் வடிவம் அங்கே கிடைக்கும் களிமண் உருண்டைகளின் அளவோடு பொருந்துகிறது. சில பேர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிபட்டிருக்கிறார்கள், பாதிக்கு மேல் பெண்கள். ஊர் நெருக்கமாக இருந்த காலத்தில்தான் இது கூடுதல். சொத்தைப் பல், சுவர் ஓரத்தில் குப்பையும் மலமும், நெரிசலில் பரவும் நோய். சண்டை வந்தால் எழுந்து வேறு காட்டுக்குப் போய்விடும் வசதி இங்கே இல்லை. வயல், ஆடு, குதிர், திண்ணைக்கு அடியில் பாட்டியின் எலும்பு எல்லாம் கட்டிப் போட்டிருந்தன. அப்படி இருந்தும் ஆளும் வர்க்கம் இல்லாமல் நூற்றாண்டுகளாகச் சமாளித்தார்கள் என்பது எனக்கு மரியாதை தரும் செய்தி. பிற்காலத்தில் வீடுகள் விலகி விலகி, தன்னிறைவாக ஆகின. வேறுபாடும் அப்போதுதான் தெரியத் தொடங்குகிறது.

பிறகு எது உடைத்தது? அறுபதுக்கும் மேற்பட்ட பழைய குடியிருப்புகளின் வீட்டு அளவுகளை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல துப்புக் கொடுக்கிறது. பயிர்த்தொழில் வந்த பின் வீடுகளுக்கிடையே வேறுபாடு எல்லா இடத்திலும் கூடுகிறது. ஆனால் ஐரோப்பா, ஆசியா பக்கம் ஏறிய அளவுக்கு அமெரிக்கக் கண்டத்தில் ஏறவில்லை. ஆய்வாளர்கள் காட்டும் காரணம் உழவு மாடு. மண்வெட்டியோடு உழைக்கும் குடும்பம் தன் கைக்கு எட்டிய அளவே பயிரிட முடியும்; ஆள் பலம்தான் எல்லை. ஏர் மாடு இருப்பவன் பல மடங்கு நிலத்தை உழுவான். இப்போது நிலம்தான் எல்லை. நிலத்தைப் பிள்ளைக்கு எழுதி வைக்கலாம், உழைப்பை எழுதி வைக்க முடியாது. மாடும் நிலமும் இல்லாதவனிடம் மிஞ்சுவது கூலிக்கு விற்கும் உடம்பு. தென் ஈராக்கின் ஊருக் நகரத்தில் கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டின் இறுதியில் நாம் பார்ப்பது இதன் முதிர்ந்த வடிவம்: ஒரே அச்சில் குவியல் குவியலாகச் செய்த கிண்ணங்கள், அவை கூலி வாற்கோதுமை அளக்கவே என்பது பலரின் கருத்து. உலகின் முதல் எழுத்துப் பலகைகளில் பெரும்பகுதி தானியம், பியர், ஆடு, ஆள் கணக்கு. மேற்காசியாவில் தானியம் விதைக்கத் தொடங்கியதற்கும் இதற்கும் நடுவில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. விதைத்த மறுநாளே அரசன் வரவில்லை.

கடைசிக் கேள்வி, தலைவன் இல்லாத பெருங்கூட்டம். மொகஞ்சதாரோவில் அரண்மனை என்றோ அரசன் கல்லறை என்றோ உறுதியாகச் சொல்லக்கூடியது கிடைக்கவில்லை என்பது தெரிந்ததே. அதைவிடப் பழைய உதாரணம் உக்ரைனில், திரிபிலியா பண்பாட்டின் பெருங்குடியிருப்புகள். கி.மு. 4100 முதல் 3600 அளவில் தல்யாங்கி என்ற ஊர் 320 ஹெக்டேர் வரை பரவியிருந்தது. மைதானெத்ஸ்கேயில் சுமார் 3,000 வீடுகளின் தடம், தோண்டாமலே மண்ணுக்கு அடியில் இருப்பதைக் காட்டும் காந்த அளவீட்டில் தெரிகிறது. வீடுகள் நடுவில் வெற்றிடம் விட்டு வளையம் வளையமாக நின்றன, பெரும்பாலும் ஒத்த அளவில். அரண்மனை இல்லை, செல்வம் குவிந்த கல்லறை இல்லை. பகுதிக்குப் பகுதி பொதுக் கூடங்கள் இருந்தன. அக்கம்பக்கத்தார் கூடிப் பேசித் தீர்த்திருக்க வேண்டும். மைதானெத்ஸ்கேயில் ஆய்வு செய்தவர்கள் 2019இல் வெளியிட்ட வாதம் இது: காலப்போக்கில் அந்தச் சிறிய கூடங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, ஊர் முழுவதற்குமான பெரிய கூடத்திடம் முடிவுகள் குவிந்தன. கொஞ்ச காலத்தில் அந்தப் பேரூர்களையே மக்கள் கைவிட்டார்கள். சுற்றிலும் புல்வெளி பரந்து கிடந்தது. அவர்களால் விலகிப் போக முடிந்தது, சிறு சிறு ஊர்களாகப் பிரிந்து போனார்கள்.